ஆங்கில வாக்கிய அமைப்பைத் தேர்வில் எப்படிக் கேட்பது? வினாத்தாள் தயாரிக்க ஆலோசனை தேவை

கேள்வி எழுப்பியவர்: பாபநாசம் மாலை வகுப்பு

வணக்கம். பாபநாசம் வட்டத்தில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் மாலை நேரத்தில் ஆங்கில இலக்கண வகுப்பு நடத்தி வருகிறேன். வருபவர்களில் ஒரு பகுதியினர் பொறியியல் முடித்துவிட்டு, குரூப் 2 முதல்நிலைத் தேர்வின் 200 வினாக்களில் மொழிக்குரிய 100 வினாக்களைப் பொதுத் தமிழில் எழுதாமல் பொது ஆங்கிலத்தில் எழுத முடிவு செய்திருப்பவர்கள். மற்றவர்கள் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கல்லூரி முதலாண்டு படிக்கும் பிள்ளைகள். இவர்களுக்குப் பிழையில்லாமல் ஒரு பத்தி எழுத வர வேண்டும் என்பதே முதல் தேவை. இரு தரப்பினருக்கும் பொதுவாக ஐம்பது மதிப்பெண்ணுக்கு ஒரு வினாத்தாள் தயாரிக்க எண்ணியிருக்கிறேன்; அதில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பதில்தான் குழப்பம்.

சென்ற வாரம் வைத்த சிறு தேர்வில் ‘மை பிரதர் பிகேம் எ டாக்டர்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்து அமைப்பைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி ‘எஸ்-வி-ஓ’ (சப்ஜெக்ட்-வெர்ப்-ஆப்ஜெக்ட், அதாவது எழுவாய்-வினை-செயப்படுபொருள்) என்று எழுதி, விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘என்ன ஆனார்? டாக்டர். ஆகவே ஆப்ஜெக்ட்’ என்று காரணமும் குறித்திருந்தார். விடை தவறு, ஆனால் அவர் பின்பற்றிய வழி நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழிதான். இதற்கு நேர்மாறாக, அமைப்பைச் சரியாகக் குறித்த சிலரிடம் அதே அமைப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது பேனா நகரவில்லை.

அடுத்த சிக்கல் கையேடுகளால் வருவது. ‘தி சொசைட்டி கேவ் சீட்ஸ் டு தி ஃபார்மர்ஸ்’ என்பது போன்ற வாக்கியத்துக்கு ஒரு கையேடு எஸ்-வி-டிஓ-ஐஓ என்கிறது (டிஓ நேர் ஆப்ஜெக்ட், ஐஓ பெறுபவரைக் குறிக்கும் மறைமுக ஆப்ஜெக்ட்). மற்றொன்று எஸ்-வி-ஓ-ஏ என்கிறது (ஏ என்பது அட்ஜங்க்ட், இடம், காலம் போன்றவற்றைச் சொல்லும் பகுதி). மாணவர்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பெயரிடும் வினாக்களே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது அவற்றை வேறு வகையில் கேட்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: குடந்தை, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, அந்த மாணவியின் பென்சில் குறிப்பைப் பத்திரப்படுத்தி வையுங்கள். உங்கள் வினாத்தாள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘வெர்பைப் பார்த்து வாட் என்று கேள், வருகிற விடை ஆப்ஜெக்ட்’ என்ற சூத்திரம் தஞ்சை மாவட்டப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படுவது. அந்தக் கேள்விக்கு ஆப்ஜெக்டும் விடையாக வரும், காம்ப்ளிமென்ட்டும் (‘சி’, சப்ஜெக்டோ ஆப்ஜெக்டோ யார், எப்படிப்பட்டது என்று சொல்லி நிறைவு செய்யும் பகுதி) விடையாக வரும் என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆகவே மாணவி சூத்திரத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். பழுது சூத்திரத்தில் இருக்கிறது.

என்னுடைய கருத்து இதுதான்: ஒரு இலக்கணப் பெயரைக் கேட்டால், அந்தப் பெயரை நிறுவும் ஒரு செயலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வாக்கியத்தை மாற்றிப் பார்க்கலாம், ஒரு பகுதியை நீக்கிப் பார்க்கலாம், இடம் பெயர்த்துப் பார்க்கலாம். அப்படிச் செய்து பார்க்காமல் எழுதப்படும் ‘ஓ’வும் ‘சி’யும் வெறும் எழுத்துகள்.

‘மை பிரதர் மெட் எ டாக்டர்’, ‘மை பிரதர் பிகேம் எ டாக்டர்’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுங்கள். இரண்டிலும் ‘எ டாக்டர்’ இருக்கும் இடம் ஒன்றே, சொற்களின் எண்ணிக்கையும் ஒன்றே. முதல் வாக்கியத்தைப் பாசிவ் வாய்ஸாக மாற்றலாம். ‘எ டாக்டர் வாஸ் மெட் பை மை பிரதர்’ என்பது கேட்க அழகாக இல்லாவிட்டாலும் ஆங்கிலம்தான். இரண்டாவதை மாற்றினால் ‘எ டாக்டர் வாஸ் பிகம்’ என்று வந்து நிற்கும். அது ஆங்கிலமே அன்று. அடுத்ததாக, ‘எ டாக்டர்’ இருந்த இடத்தில் ‘ரிச்’ என்ற ஒரு அட்ஜெக்டிவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பிகேம் ரிச்’ நிற்கும், ‘மெட் ரிச்’ விழுந்துவிடும். நம் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஒரு துணை உண்டு: ‘டாக்டரைச் சந்தித்தார்’ என்று இரண்டாம் வேற்றுமை உருபு ஏறும், ‘டாக்டரை ஆனார்’ என்று ஏறாது. ஆனால் தமிழ்த் துணையை முழுதும் நம்பிவிடக் கூடாது. ‘ஹி என்டர்ட் தி ரூம்’ என்பதில் ‘தி ரூம்’ ஆப்ஜெக்ட்தான். தமிழில் ‘அறைக்குள் நுழைந்தார்’ என்றே சொல்வோம், ‘ஐ’ உருபு வராது.

பாசிவ் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘ஹி ஹேஸ் எ கவ்’ என்பதையும் ‘ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்’ என்பதையும் பாசிவாக மாற்ற முடியாது. இருந்தாலும் அவற்றில் வருவது ஆப்ஜெக்ட்தான். பாசிவுக்கு மாறினால் ஆப்ஜெக்ட் என்று உறுதியாகச் சொல்லலாம். மாறாவிட்டால் வேறு சோதனை தேட வேண்டும். ‘ஹேஸ் ரிச்’ என்று சொல்ல முடியாது என்பதால் அங்கே அட்ஜெக்டிவ் சோதனை கைகொடுக்கும்.

எழுவாய் பற்றியும் இதே கதை. ‘செயலைச் செய்பவர் சப்ஜெக்ட்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ‘தி பேடி வாஸ் ஹார்வெஸ்டட் இன் ஜனவரி’ என்று எழுதிக் காட்டினால், நெல் எதைச் செய்தது என்று பிள்ளை கேட்பதில் நியாயம் இருக்கிறது. சப்ஜெக்டைக் கண்டுபிடிக்க என் அனுபவத்தில் மிக எளிய கருவி கொஸ்டின் டேக். ‘தி பேடி வாஸ் ஹார்வெஸ்டட், வாஸன்ட் இட்?’ என்று வாலை ஒட்டும்போது அந்த ‘இட்’ எதைக் குறிக்கிறதோ அதுவே சப்ஜெக்ட். ‘இட் இஸ் ரெயினிங், இஸன்ட் இட்?’ என்பதில் முதலில் வரும் ‘இட்’ எந்தப் பொருளையும் சுட்டவில்லை, ஆனாலும் வாக்கியத்தின் தலைமை இருக்கை அதனிடம்தான். ‘தேர் ஆர் டூ கெனால்ஸ் இன் அவர் வில்லேஜ், ஆரன்ட் தேர்?’ என்பதில் வால் ‘தேர்’ என்றே திரும்பி வருகிறது. வினை மட்டும் ‘கெனால்ஸ்’ என்ற பன்மைக்கு ஏற்ப ‘ஆர்’ ஆகிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று எழுவாய் வேற்றுமையில் எவரும் இல்லாமலேயே ஒரு வாக்கியத்தை முடித்துப் பழகிய நமக்கு, ஆங்கிலம் கட்டளை வாக்கியங்களில் தவிர அந்த இருக்கையைக் காலியாக விடுவதில்லை என்பது உறைக்க நாளாகும். கொஸ்டின் டேக்கைப் பள்ளியில் தனிப் பாடமாக நடத்தி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம்; வாக்கிய அமைப்பைத் திறக்கும் சாவி அது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

‘ஏ’ என்று குறிக்கப்படும் அட்ஜங்க்ட்டுக்கு நீக்கிப் பார்க்கும் சோதனையே போதும். ‘ஹி வொர்க்ட் இன் தஞ்சாவூர்’ என்பதில் ஊரை எடுத்துவிட்டாலும் ‘ஹி வொர்க்ட்’ நிற்கும். ‘ஹி லிவ்ஸ் இன் தஞ்சாவூர்’ என்பதில் எடுத்தால் ‘அவர் உயிரோடு இருக்கிறார்’ என்று பொருளே மாறிவிடும். ‘ஷி புட் தி பாட் ஆன் தி ஸ்டவ்’ என்பதில் அடுப்பை எடுத்தால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். கையேடுகள் இவை எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஏ’வைப் போட்டுவிடுகின்றன. நீங்கள் ‘எதை நீக்கினால் வாக்கியம் கெடும்?’ என்று கேளுங்கள். பெயரைக் கேட்பதைவிட அதில் உள்ளே இருப்பது தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயரிடும் வினா நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சென்னை மாகாணத்தில் 1952-ல் கொண்டுவரப்பட்ட அமைப்பு முறைப் பாடத்திட்டத்தின் நோக்கம் பெயரிடுவது அன்று. ஒவ்வோர் அமைப்பையும் வாயால் பலமுறை சொல்லிப் பழகி நாவில் ஏற்றுவதுதான். பழக்கம் கைநழுவியது, பெயர்ப் பட்டியல் மட்டும் தேர்வுத் தாளில் தங்கிவிட்டது. எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த இராமானுஜன் உதவித்தொகையை இழந்ததும் ஆங்கிலக் கட்டுரைத் தாளால்தான். அந்தக் காலத்துத் தாள் அவ்வளவு பெரிய கணித மேதையை வடிகட்டியது சரியா என்பது வேறு வழக்கு. எழுதத் தெரிகிறதா என்பதையே அது பார்த்தது என்பதை மட்டும் இங்கே குறிக்கிறேன்.

பதில்: மன்னார்குடி தேர்வர்

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வு எழுதுபவனின் நிலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் பாசிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் கணக்குப் பகுதியைத் தொடவே நேரம் இருக்காது. ஆகவே பெயரிடும் வினாக்களை அறவே ஒதுக்கிவிடாதீர்கள் என்று ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பது தரவரிசையில் மிகப் பெரிய இடைவெளி.

நான் கடைப்பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். முதலில் வினைச்சொல்லை வட்டமிடுவேன். அதன் பின்னால் இரண்டு பெயர்த்தொகுதிகள் வந்தால், இரண்டும் ஒரே ஆளையோ ஒரே பொருளையோ குறிக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன். ‘தே எலெக்டட் ஹிம் பிரசிடென்ட்’ என்பதில் ‘ஹிம்’ யாரோ அவரே பிரசிடென்ட், எஸ்-வி-ஓ-சி. ‘ஷி கேவ் ஹிம் எ பென்’ என்பதில் அவரும் பேனாவும் வேறு வேறு, எஸ்-வி-ஐஓ-டிஓ. இதற்குச் சில நொடிகள் போதும். வினைக்குப் பின் ஒரே தொகுதி வந்தாலும் இதே கேள்விதான்: அது சப்ஜெக்டையே குறித்தால் சி, வேறொன்றைக் குறித்தால் ஓ. ‘பிரதர்’ தான் ‘டாக்டர்’ என்பதால் அந்த மாணவியும் இப்படிப் பார்த்திருந்தால் சரியாகக் குறித்திருப்பார்.

கையேடுகள் முரண்படும் வாக்கியங்களைப் பற்றி: தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருகிறது. எந்த நூலில் எந்தப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று வகுப்பிலேயே குறித்துவைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் உதவும்.

பதில்: மயிலாடுதுறை, கல்லூரி ஆங்கிலத் துறை

மன்னார்குடி நண்பரின் ‘ஒரே ஆளா, வேறு ஆளா’ என்ற சோதனை நல்லது. ஓய்வு பெற்ற ஆசிரியர் சொன்ன சோதனைகளுக்கு அது எதிரானது அன்று, அவற்றின் வேகமான வடிவம். ‘ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்’ என்ற வாக்கியத்தில் மட்டும் அது காலை வாரிவிடும். சப்ஜெக்டும் பின்வருவதும் ஒரே ஆள்தான், ஆனால் அங்கே இருப்பது ஆப்ஜெக்ட். ‘செல்ஃப்’ சேர்ந்த சொற்களுக்கு விலக்கு என்று சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது கையேடுகளின் முரண்பாட்டைப் பற்றி. இது நம் ஊர்க் கையேடுகளின் அலட்சியம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்திலேயே 2013 முதல் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணத்துக்கென்று தனியாக ஒரு நாடு தழுவிய தேர்வு வைக்கிறார்கள். 2016-ல் அந்நாட்டுப் பள்ளிகள் துறை அமைச்சர் நிக் கிப் பிபிசி வானொலி நேர்காணலுக்கு வந்தபோது, ‘நான் இரவு உணவு உண்ட பிறகு திரைப்படத்துக்குச் சென்றேன்’ என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைப் படித்துக்காட்டி, அதிலுள்ள ‘ஆஃப்டர்’ என்பது பிரெபொசிஷனா, சபார்டினேட்டிங் கன்ஜங்ஷனா என்று கேட்டார்கள். அவர் பிரெபொசிஷன் என்றார். அத்தேர்வுத் திட்டத்தின்படி விடை கன்ஜங்ஷன். ‘ஆஃப்டர்’ என்பதன் பின்னால் ஒரு முழு கிளாஸ் (தனக்கென எழுவாயும் வினையும் உள்ள உட்வாக்கியம்) வருகிறது என்பது காரணம். நாடே சிரித்தது. ஆனால் 2002-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பேரிலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் அத்தகைய ‘ஆஃப்டர்’ என்பதையும் பிரெபொசிஷன் என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள்! ஆக, அமைச்சர் தம்மையறியாமல் ஒரு பெரிய இலக்கண மரபின் பக்கம் நின்றிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் ஒரு மதிப்பெண் போகிறது என்பதுதான் வருத்தம்.

வாக்கிய அமைப்புகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். 1904-ல் ஆனியன்ஸ் என்ற அறிஞர் பயனிலைக்கு ஐந்து வடிவங்கள் என்றார். பின்னர் ஹார்ன்பி என்ற அகராதி ஆசிரியர் வினைகளின் அமைப்புகளை இருபத்தைந்தாகப் பிரித்தார். நாம் இன்று பயன்படுத்தும் எஸ், வி, ஓ, சி, ஏ என்ற ஐந்து எழுத்துகளும் குவர்க் என்ற அறிஞரின் குழுவினர் எழுதிய இலக்கணத்தில் ஏழு அடிப்படை அமைப்புகளாக அமைந்தவை. ஒரே மொழி, மூன்று கணக்கு. ‘சீட்ஸ் டு தி ஃபார்மர்ஸ்’ சிக்கலும் இங்கிருந்து பிறப்பதே: பெறுபவர் யார் என்று பொருளைப் பார்ப்பவர் ‘டு தி ஃபார்மர்ஸ்’ என்பதை ஐஓ என்பார், பிரெபொசிஷன் வந்துவிட்டதே என்று வடிவத்தைப் பார்ப்பவர் ஏ என்பார். தமிழில் ‘விவசாயிகளுக்கு’ என்று இரண்டு நிலையிலும் நான்காம் வேற்றுமையே வருவதால் நம் மாணவருக்கு முதல் விடையே இயல்பாகத் தோன்றும். இத்தகைய வாக்கியத்தைப் பெயரிடும் வினாவாக வைக்கவே வைக்காதீர்கள். ‘இதே பொருளை டு இல்லாமல் எழுதுக’ என்று கேளுங்கள். ‘தி சொசைட்டி கேவ் தி ஃபார்மர்ஸ் சீட்ஸ்’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அமைப்பு தெரிந்துவிட்டது.

பெயர் தெரிந்தால் எழுத வருமா என்ற உங்கள் கவலைக்கும் பழைய ஆய்வுகளில் விடை உண்டு. 1963-ல் அமெரிக்காவில் பிராடக் முதலிய மூவர் வெளியிட்ட அறிக்கை, இலக்கணப் பெயர்களை முறையாகக் கற்பிப்பதால் மாணவரின் எழுத்து மேம்படுவதில்லை, எழுதும் பயிற்சிக்கான நேரத்தை அது தின்றுவிட்டால் கெடுதலும் செய்யலாம் என்று கடுமையாகவே சொன்னது. அதன் பின் வந்த ஆய்வுகளில் பயன் தருவதாகத் திரும்பத் திரும்பக் காணப்பட்ட பயிற்சி ஒன்று உண்டென்றால் அது வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி. மூன்று சிறு வாக்கியங்களைக் கொடுங்கள்: ‘தி வாட்டர் ரீச்ட் கல்லணை. தி ஃபார்மர்ஸ் வேர் ரெடி. தே பிகேன் தி நர்சரி வொர்க்.’ இவற்றை ஒரே வாக்கியமாக, இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தகுந்த வினா எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்து மாவட்டமான கடலூரிலும், பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய முயற்சி இன்னும் ஒரு படி மேலே போய், இலக்கணத்தைத் தனியாக எடுத்துச் சொல்லாமலேயே, பொருளில் கவனம் செலுத்தும் பணிகளின் வழியாக ஆங்கிலம் கற்பிக்கப் பார்த்தது. அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டித் தேர்வு எழுதுபவர்களும் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள்.

தேர்வு முடிந்தபின் ஒரு வேலை செய்யுங்கள். அதிக மதிப்பெண் வாங்கிய 27 விழுக்காட்டினரையும் குறைவாக வாங்கிய 27 விழுக்காட்டினரையும் தனியே எடுத்து, ஒவ்வொரு வினாவையும் இரு குழுக்களிலும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று ஒப்பிடுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதிய வினா இருந்தால், பிழை பெரும்பாலும் வினாவிலோ விடைக்குறிப்பிலோ இருக்கும். 27 விழுக்காடு என்பது பெரிய தேர்வுகளுக்கு 1939-லேயே கெல்லி என்பவர் கணக்கிட்டுச் சொன்ன அளவு. உங்கள் வகுப்பில் ஆட்கள் குறைவு என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எந்த வினாவைச் சந்தேகிக்கலாம் என்பதற்கு ஓர் அறிகுறியாக மட்டும் கொள்ளுங்கள்.

கேள்வி எழுப்பியவரின் தொடர் பதிவு: பாபநாசம் மாலை வகுப்பு

மூவருக்கும் நன்றி. தேர்வர்களுக்காகப் பெயரிடும் வினாக்கள் இருபது மதிப்பெண்ணுக்கு இருக்கும். அவற்றில் கையேடுகள் முரண்படும் வாக்கியம் எதையும் சேர்க்கப் போவதில்லை. தாளின் தலைப்பிலேயே எஸ், வி, ஓ, சி, ஏ ஆகியவை எந்தப் பொருளில் கையாளப்படுகின்றன என்று ஒரு வரி அச்சிட்டுவிடுகிறேன். மீதி முப்பதும் செய்து காட்டும் வினாக்கள்.

இரண்டு வினாக்களை எழுதி வைத்திருக்கிறேன், குடந்தை ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று: ‘தே ஃபவுண்ட் ஹிம் எ குட் லாயர்’ என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள்கள் உண்டு, இரண்டையும் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அமைப்பைக் குறிப்பிடுக. மற்றொன்று: ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, அவை சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று கேட்பது. இந்த இரண்டாவதில் பிள்ளைகள் வாக்கியத்தின் நீளத்தைப் பார்த்தே விடை எழுதுகிறார்கள். நீளமாக இருந்தால் காம்ப்ளெக்ஸ் என்பது அவர்கள் கணக்கு. அதை எப்படி உடைப்பது? காரணத்தைத் தமிழில் எழுத அனுமதிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: குடந்தை, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்

முதல் வினா மிக நன்று அம்மா. ‘அவருக்கு நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தேடிக் கொடுத்தார்கள்’ என்பது ஒரு பொருள். அங்கே ‘ஃபவுண்ட் எ குட் லாயர் ஃபார் ஹிம்’ என்று மாற்றி எழுத முடியும், அது ஐஓ-டிஓ. ‘அவர் நல்ல வழக்கறிஞர் என்று கண்டார்கள்’ என்பது மற்றது. அங்கே ‘ஃபவுண்ட் ஹிம் டு பி எ குட் லாயர்’ என்று இடையில் ‘டு பி’ செருகலாம், அது ஓ-சி. மன்னார்குடித் தம்பியின் ‘ஒரே ஆளா’ என்ற கேள்வியும் இங்கே அப்படியே பொருந்துகிறது. மாணவர் எந்த வழியில் நிறுவினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். அமைப்பை மட்டும் எழுதி இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டாதவருக்குப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது வினாவுக்கு வாக்கியங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் வேலை இருக்கிறது. நீளமான ஒரு சிம்பிள் வாக்கியத்தையும் மிகக் குறுகிய ஒரு காம்ப்ளெக்ஸ் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘ஆன் தி ரிலீஸ் ஆஃப் வாட்டர் ஃபிரம் மேட்டூர் இன் ஜூன், தி ஃபார்மர்ஸ் ஆஃப் தி டெல்டா ஸ்டார்ட்டட் தி குறுவை வொர்க் இன் தேர் ஃபீல்ட்ஸ்’ என்பது ஒரு வரிக்கு மேல் ஓடினாலும் அதில் முற்றுவினை ‘ஸ்டார்ட்டட்’ ஒன்றுதான், சிம்பிள். ‘ஐ நோ ஹி லைட்’ என்பது நான்கே சொல், ‘நோ’, ‘லைட்’ என்று இரண்டு முற்றுவினைகள், இரண்டாவது கிளாஸ் முதல் வினைக்குள் அடங்கி ஆப்ஜெக்டாக நிற்கிறது, காம்ப்ளெக்ஸ். அமைப்பின் பெயரைக் கேட்கும் முன் ‘முற்றுவினைகளுக்கு அடிக்கோடிடுக’ என்று ஒரு படி வைத்துவிட்டால் நீளத்தைப் பார்த்து எழுதுகிற வழக்கம் தானாகவே குறையும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனித் தடை இருப்பதையும் கவனியுங்கள். ‘காலையில் எழுந்து, ஆற்றில் குளித்து, வயலுக்குப் போய், மடையைத் திறந்துவிட்டு வந்தான்’ என்று வினையெச்சங்களை அடுக்கி ஒரே முற்றில் முடிப்பது நம் இயல்பு. அதை ஆங்கிலத்தில் கொண்டுபோகும்போது ஒரு பகுதியினர் ஒவ்வோர் எச்சத்தையும் முற்றாக்கி, இடையில் கன்ஜங்ஷன் எதுவும் இல்லாமல் வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினர் ‘ஹேவிங் காட் அப், ஹேவிங் பேத்ட், ஹேவிங் கான்’ என்று மூச்சு முட்ட எழுதுகிறார்கள். மயிலாடுதுறைப் பேராசிரியர் சொன்ன இணைக்கும் வினாவில் இப்படிப்பட்ட ஒரு தமிழ் வாக்கியத்தையே கொடுத்து, ஆங்கிலத்தில் இரண்டு முற்றுவினைகளுக்கு மேல் வராமல் எழுதச் சொல்லிப் பாருங்கள். விடைகளைத் திருத்தும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

காரணத்தைத் தாராளமாகத் தமிழில் எழுத விடுங்கள். நீங்கள் சோதிப்பது ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு அவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்பதை. விளக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், புரிந்தவனும் எழுதத் தயங்கி மனப்பாட வரியைத்தான் எழுதி வைப்பான். ஒரு காரணத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் விடாதீர்கள், இல்லையென்றால் திருத்துவது உங்களுக்குப் பெரும்பாடாகிவிடும். தாள் தயாரானதும் விடைக்குறிப்போடு இங்கே பதிவிடுங்கள், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.